பெயரும் ஸ்கோரும் பிரியாமல் இருக்க: ஹை ஸ்கோர் பட்டியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அதிகபட்ச ஸ்கோரைத் திரையின் மேலே காட்டியது. வெறும் எண்தான், யார் எடுத்தது என்பது தெரியாது. அடுத்த ஆண்டு வந்த அட்டாரியின் ஆஸ்டராய்ட்ஸ், ஆடியவர் தன் பெயரை மூன்று எழுத்தில் பதிய விட்டது. அதோடு அந்த எண்ணுக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார். கேம் எழுதப் பழகுகிறவர்கள் ஹை ஸ்கோர் பட்டியலில் படும் பாடு பெரும்பாலும் அந்தச் சொந்தக்காரரை எண்ணோடு சேர்த்து வைப்பதில்தான். இங்கே வரும் கேள்விகளில் பாதி அதைப் பற்றியவை. எந்த மொழியில் எழுதினாலும் பொருந்தும்படி பதில் சொல்லியிருக்கிறேன். மொழிக்கு மொழி வேறுபடும் இடத்தில் மட்டும் மொழியின் பெயரைச் சொல்கிறேன்.

ஸ்கோர் சரியாக வரிசையாகிறது, ஆனால் பெயர்கள் மாறிப் போகின்றன. ஏன்?

பெயர்களை ஒரு அரேயிலும் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) ஸ்கோர்களை இன்னொரு அரேயிலும் வைத்திருப்பீர்கள். உதாரணமாக:

பெயர்கள்: முருகன், கவிதா, நசீர்
ஸ்கோர்கள்: 7400, 9200, 8700

முதல் பெயருக்கு முதல் ஸ்கோர், இரண்டாவது பெயருக்கு இரண்டாவது ஸ்கோர் என்பது உங்கள் மனதில் இருக்கும் ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஸ்கோர் அரேயை மட்டும் சார்ட் செய்தால் 9200, 8700, 7400 என்று அழகாக இறங்குவரிசையில் வந்து நிற்கும். பெயர் அரே இருந்த இடத்திலேயே இருக்கும். திரையில் முருகன் 9200, கவிதா 8700, நசீர் 7400 என்று வரும். மூன்றுமே தப்பு. எண்கள் மேலிருந்து கீழே சரியாக இறங்குவதால் சட்டென்று கண்ணுக்கும் படாது.

சார்ட் ஃபங்ஷனில் எந்தக் குறையும் இல்லை, கேட்டதைத்தான் செய்திருக்கிறது. தகவலை வைத்த விதத்தை மாற்ற வேண்டும். பெயர், ஸ்கோர் இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக வையுங்கள். சி, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் என்றால் ஸ்ட்ரக்ட், ஜாவா என்றால் கிளாஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஆப்ஜெக்ட், பைத்தான் என்றால் டியூப்பிள் அல்லது டேட்டாகிளாஸ், லுவா என்றால் டேபிள். பிறகு அந்தப் பதிவுகளின் அரேயை, 'ஸ்கோரை வைத்து ஒப்பிடு' என்று சொல்லி சார்ட் செய்யுங்கள். இடம் மாறும்போது முழுப் பதிவும் சேர்ந்தே நகரும். நாளைக்கு லெவல், தேதி, எந்தக் கதாபாத்திரத்தோடு ஆடினார் என்று சேர்க்க நினைத்தாலும் சார்ட் செய்யும் கோடில் (நிரலில்) ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு அரேயாகவே எழுதிவிட்டேன். மாற்ற முடியாத நிலை. வழி உண்டா?

உண்டு, இரண்டு வழிகள். முதலாவது, சார்ட்டை நீங்களே எழுதுவது. ஸ்கோர் அரேயில் இரண்டு இடங்களை ஸ்வாப் செய்யும்போதெல்லாம் (ஒன்றுக்கொன்று மாற்றும்போதெல்லாம்) பெயர் அரேயிலும் அதே இரண்டு இடங்களை ஸ்வாப் செய்துவிட வேண்டும். ஒரு இடத்தில் மறந்தாலும் போச்சு.

இரண்டாவது எனக்குப் பிடித்த வழி. இரண்டு அரேயையும் தொடவே வேண்டாம். 0, 1, 2 என்று இட எண்களை மட்டும் வைத்து மூன்றாவதாக ஓர் அரே போடுங்கள். அந்த இட எண்களை, 'அந்த இடத்தில் இருக்கும் ஸ்கோர் என்ன' என்று பார்த்து சார்ட் செய்யுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 1, 2, 0 என்று கிடைக்கும். அந்த வரிசையில் இரண்டு அரேயையும் படித்துக் காட்டினால் கவிதா 9200, நசீர் 8700, முருகன் 7400. மூலத் தகவல் கலையவே இல்லை. ஒரே பட்டியலை ஸ்கோர் வாரியாகவும் பெயர் வாரியாகவும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டிய திரைக்கு இது ரொம்ப வசதி.

ஸ்கோரைக் கீயாகவும் பெயரை வேல்யூவாகவும் வைத்து டிக்‌ஷனரி போட்டால் சுலபமாக இருக்காதா?

அதில் ஒரு கீக்கு ஒரு வேல்யூதான் இருக்க முடியும். இரண்டு பேர் ஒரே ஸ்கோர் எடுக்கும் வரை சுலபமாகத்தான் இருக்கும். அந்த நாளில் இரண்டாமவர் முதலாமவரின் மேல் எழுதப்படுவார், முதலாமவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். பெயரைக் கீயாக வைத்தாலும் இதே கதைதான். ஒரே பெயரில் இரண்டு பேர் ஆடினால் ஒருவர்தான் மிஞ்சுவார். பட்டியலுக்குப் பதிவுகளின் அரே போதும். ஆளை அடையாளம் காண வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் தனி ஐடி கொடுங்கள். பெயர் என்பது திரையில் காட்டுவதற்கு.

எந்த சார்ட்டிங் அல்காரிதம் நல்லது?

மொழியோடு வரும் சார்ட் ஃபங்ஷன். பயிற்சிக்காக எழுதுகிறீர்கள் என்றால் எதை வேண்டுமானாலும் எழுதிப் பாருங்கள், 10 பதிவுகளுக்கு பபிள் சார்ட்கூட அதிகபட்சம் 45 ஒப்பீடுகளில் முடிந்துவிடும். 10 லட்சம் பதிவுகள் என்றால் பபிள் சார்ட்டுக்கு ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள் ஆகலாம், மெர்ஜ் சார்ட் போன்றவற்றுக்குச் சுமார் 2 கோடி போதும்.

ஆனால் முதல் 10 பேரைக் காட்டும் பட்டியலுக்கு சார்ட்டே தேவையில்லை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பட்டியல் ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் ஒரே ஒரு பதிவுதான் புதிதாக வருகிறது. அதைச் சரியான இடத்தில் நுழைத்தால் வேலை முடிந்தது. ஐந்து இடப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

1. கவிதா 9200
2. நசீர் 8700
3. முருகன் 7400
4. ஸ்டெல்லா 6100
5. தேவி 5000

இப்போது பீட்டர் 7400 எடுத்து முடிக்கிறார். செய்ய வேண்டியது இது:

புதிய ஸ்கோர் கடைசி இடத்து ஸ்கோரைவிட அதிகமில்லை என்றால் நிறுத்து
இடம் = கடைசி இடம்
இடம் 1-ஐவிடப் பெரியது, மேலும் (இடம் − 1)-இல் உள்ள ஸ்கோர் < புதிய ஸ்கோர் என்று இருக்கும் வரை:
    (இடம் − 1)-இல் உள்ள பதிவை இடத்துக்கு இறக்கு
    இடத்தை ஒன்று குறை
புதிய பதிவை அந்த இடத்தில் வை

தேவியின் 5000-ஐவிட 7400 பெரிது, எனவே பீட்டர் உள்ளே வரலாம். நான்காம் இடத்து ஸ்டெல்லா 6100, அதைவிடவும் பெரிது, எனவே ஸ்டெல்லா ஐந்தாம் இடத்துக்கு இறங்குகிறார், தேவி வெளியே. மூன்றாம் இடத்தில் முருகன் 7400. 7400 < 7400 என்பது பொய், லூப் நின்றுவிடுகிறது. பீட்டர் நான்காம் இடத்தில் அமர்கிறார்.

அந்த < குறியை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பதில் <= போட்டிருந்தால் பீட்டர் முருகனுக்கு மேலே போயிருப்பார். அதே ஸ்கோரை முதலில் எடுத்தவர் கீழே இறங்குவது நியாயமில்லை என்றுதான் ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். ஒரே ஒரு குறியில் அது தீர்மானமாகிறது. இந்தக் கோடு பட்டியல் நிறைந்திருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதியது. இன்னும் காலி இடம் இருந்தால் முதல் வரிச் சோதனையைத் தவிர்த்து, கடைசிப் பதிவுக்கு அடுத்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

950-க்கு மேலே வர வேண்டிய 1200 கீழே வருகிறது. என்ன கோளாறு?

ஸ்கோர் எண்ணாக இல்லை, எழுத்துச் சரமாக இருக்கிறது. ஃபைலில் இருந்தோ உள்ளீட்டுப் பெட்டியில் இருந்தோ படித்தால் கிடைப்பது சரம்தான். சரங்களை ஒப்பிடும்போது முதல் எழுத்தை முதலில் பார்ப்பார்கள், '9' என்பது '1'-ஐவிடப் பெரிது, எனவே '950' பெரிது என்று முடிவாகிவிடும். படித்த உடனேயே எண்ணாக மாற்றிவிடுங்கள், சார்ட் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு பொறி உண்டு. அங்கே அரேயில் இருப்பவை உண்மையான எண்களாக இருந்தாலும், ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காமல் சார்ட்டை அழைத்தால் அவற்றைச் சரமாக மாற்றித்தான் ஒப்பிடும். 950, 1200, 80 என்பது 1200, 80, 950 என்று வரும்.

ஒப்பிடும் ஃபங்ஷனில் எதைக் கவனிக்க வேண்டும்?

திசையைத்தான் எல்லோரும் முதலில் கவனிப்பார்கள். பெரியது மேலே வர வேண்டும் என்றால் இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதைவிட மோசமானவை வேறு இருக்கின்றன.

சி பிளஸ் பிளஸில் 'பெரியது அல்லது சமம்' என்று எழுதுவது ஒன்று. இது முன்னே வர வேண்டுமா என்ற கேள்விக்கு, இரண்டும் சமமாக இருந்தால் 'இல்லை' என்றே பதில் வர வேண்டும். 'ஆமாம்' என்று சொன்னால் சார்ட் ஃபங்ஷன் குழம்பி, அரேயின் எல்லையைத் தாண்டிக்கூடப் படிக்கப் போகும். சிறிய பட்டியலில் ஒன்றும் தெரியாது. பலருக்கு ஒரே ஸ்கோர் வரும் நாளில் கேம் கிராஷ் ஆகும். லுவாவும் ஜாவாவும் இப்படிப்பட்ட முரண்பாட்டைக் கண்டுகொள்ளும்போது பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது.

கழித்துப் பார்த்து விடையைத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. மைனஸ் ஸ்கோர் அனுமதிக்கும் கேமில் ஒருவர் 200 கோடி, இன்னொருவர் மைனஸ் 200 கோடி என்றால் வித்தியாசம் அந்த எல்லைக்குள் அடங்காமல் குறி மாறிவிடும். தசம எண்களில் வேறு விதமான சிக்கல் வரும். 61.4 விநாடி, 61.9 விநாடி என்ற இரண்டின் வித்தியாசம் 0.5, அதை முழு எண்ணாக மாற்றித் திருப்பினால் 0 ஆகிவிடும், அதாவது இருவரும் சமம் என்று அர்த்தம். கழிக்காமல், பெரிது, சிறிது, சமம் என்று நேரடியாக ஒப்பிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

இரண்டு பேருக்கு ஒரே ஸ்கோர் என்றால் யார் மேலே?

இது புரோகிராமிங் கேள்வி இல்லை, விளையாட்டின் விதி. அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், சார்ட் ஃபங்ஷனிடம் விட்டுவிடக் கூடாது. முதலில் எடுத்தவர் மேலே என்பது பரவலான வழக்கம். குறைந்த நேரத்தில் எடுத்தவர், குறைந்த உயிர்களை இழந்தவர் என்றும் வைக்கலாம்.

ஸ்டேபிள் சார்ட் என்று ஒன்று சொல்வார்கள். சமமாக இருப்பவர்களின் பழைய வரிசையைக் கலைக்காத சார்ட் அது. பைத்தானில் வருவது ஸ்டேபிள். ஜாவாவில் ஆப்ஜெக்ட்களை வரிசைப்படுத்துவதும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டில் 2019-இன் எக்மாஸ்கிரிப்ட் தரநிலையிலிருந்து அது கட்டாயம். சி பிளஸ் பிளஸில் சாதாரண சார்ட் ஸ்டேபிள் இல்லை, அதற்கென்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. சி ஷார்ப்பில் லிஸ்ட்டின் சார்ட் ஸ்டேபிள் இல்லை, லிங்க் (LINQ) நூலகத்தின் ஆர்டர்பை ஸ்டேபிள். லுவாவின் சார்ட் ஸ்டேபிள் இல்லை.

இத்தனையையும் மனப்பாடம் செய்வதைவிட, பதிவிலேயே அந்த ஸ்கோர் எடுத்த நேரத்தையும் வைத்துவிட்டு, ஸ்கோர் சமமானால் நேரத்தை ஒப்பிடு என்று எழுதிவிடலாம். எந்த மொழியிலும் ஒரே பதில் கிடைக்கும்.

பைத்தான்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. (ஸ்கோர், பெயர்) என்று டியூப்பிள் போட்டு, தலைகீழாக சார்ட் செய்தால் ஸ்கோர் இறங்குவரிசையில் வரும். சமமானவர்களின் பெயரும் தலைகீழ் வரிசையில் வரும். கேட்காமலே பெயரையும் அது ஒப்பிடுகிறது. ஸ்கோரை மட்டும் எடுத்துத் தரும் கீ ஃபங்ஷனைக் கொடுங்கள். நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்றால், ஸ்கோருக்கு மைனஸ் போட்டு (மைனஸ் ஸ்கோர், நேரம்) என்று கீ கொடுத்து, ஏறுவரிசையில் சார்ட் செய்தால் சரியாக வரும்.

சம ஸ்கோர்காரர்களுக்கு ரேங்க் எண் எப்படிப் போடுவது?

இரண்டாம் இடத்தில் இருவர் என்றால் 1, 2, 2, 4 என்று போடலாம், அல்லது 1, 2, 2, 3 என்று போடலாம். போட்டிகளில் பழக்கமானது முதல் முறை. ஒருவருடைய ரேங்க் என்பது அவரைவிட அதிகம் எடுத்தவர்களின் எண்ணிக்கையோடு ஒன்று. இந்த ஒரே வாக்கியத்தை அப்படியே கோடாக எழுதிவிடலாம். அரேயின் இட எண்ணை ரேங்க் என்று காட்டினால் சமமானவர்களில் ஒருவருக்கு அநியாயமாகிவிடும்.

ரேஸ் கேமில் குறைந்த நேரம்தான் மேலே வர வேண்டும். திசையை மாற்றினால் போதுமா?

ஏறக்குறைய. காலி இடங்களை 0 என்று நிரப்பி வைத்திருந்தால் மட்டும், ஆடாதவர்கள் எல்லோரும் 0 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்துவிடுவார்கள். காலி இடத்தைக் காலியாகவே வையுங்கள், பட்டியலின் நீளம் எத்தனை என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தசம விநாடியாக வைக்காமல் மில்லி விநாடியாக, முழு எண்ணில் வைப்பது நல்லது.

ஸ்கோர் எவ்வளவு பெரிதாகப் போகும் என்று யோசிக்க வேண்டுமா?

ஆஸ்டராய்ட்ஸில் ஸ்கோர் 99,990-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்கும். மற்றவர்களைவிட நன்றாக ஆடியவர் பட்டியலில் கீழே போவார். இன்று 64 பிட் முழு எண் பெரும்பாலான மொழிகளில் கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

ஃபைலில் எப்படிச் சேமிப்பது?

ஒரு வரிக்கு ஒரு பதிவு, நடுவில் கமா என்பது எல்லோரும் எடுக்கும் வழி. பெயரிலேயே ஒருவர் கமா போட்டால் அந்த வரி உடைந்துவிடும். ஸ்கோரை முதலிலும் பெயரைக் கடைசியிலும் எழுதி, முதல் கமாவோடு பிரிப்பதை நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம். பெயரில் வரி உடைப்பு வராமல் மட்டும் தடுக்க வேண்டும். ஜேசான் (JSON) வடிவத்தில் எழுதினால் இந்தக் கவலையே இல்லை. பெயர்களுக்கு ஒரு ஃபைல், ஸ்கோர்களுக்கு ஒரு ஃபைல் என்று வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு ஃபைல் எழுதி முடித்து அடுத்ததை எழுதும் முன் கேம் நின்றுபோனால், எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுதும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதாமல், தற்காலிக ஃபைல் ஒன்றில் முழுக்க எழுதி, பிறகு பெயர் மாற்றி அந்த இடத்தில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பட்டியல் பிழைத்திருக்கும்.

தமிழில் பெயர் போட விடலாமா? என்ன சிக்கல் வரும்?

கட்டாயம் விடுங்கள். தன் பெயரைத் தன் எழுத்தில் பார்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சியை மூன்று ஆங்கில எழுத்து தராது. கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும்.

முதலில் நீளம். 'மீனா' என்பது நமக்கு இரண்டு எழுத்து. யுனிகோடில் ம, ஈகாரக் குறி, ன, துணைக்கால் என்று நான்கு குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் சேமித்தால் 12 பைட். 'மூன்று எழுத்துக்கு மேல் வெட்டு' என்று குறியீடுகளை எண்ணி வெட்டினால் 'மீன' ஆகிவிடும். பைட்டை எண்ணி வெட்டினால் எழுத்தே உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியலாம். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணித் தரும் வசதி பல மொழிகளில் உண்டு, கிராஃபீம் என்று தேடினால் கிடைக்கும்.

அடுத்து, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் பெயர்கள். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டர் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. பெயரைச் சேமிக்கும் முன் யுனிகோட் நார்மலைசேஷன் (இப்படிப்பட்ட மாற்று வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்துவிட்டால் ஒன்றாகிவிடும்.

கடைசியாக அகரவரிசை. சம ஸ்கோர்காரர்களைப் பெயர் வாரியாக அடுக்க நினைத்தால், குறியீட்டு எண்ணை வைத்து ஒப்பிடும் சாதாரண ஒப்பீடு தமிழுக்குச் சரிவராது. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போகும். யுனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்ததே ன, ர-வுக்கு அடுத்ததே ற. மெய்யெழுத்தும் இடம் மாறும். நாம் 'க்' முதலில், பிறகு 'க' என்று வைப்போம், குறியீட்டு வரிசையில் 'க்' என்பது 'கௌ'-வுக்கும் பின்னால் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் கொலேட்டர், ஐசியு நூலகம் போன்றவற்றிடம் மொழி தமிழ் என்று சொல்லி ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் லட்சக்கணக்கானவர்கள் ஆடினால்?

அப்போது வரிசைப்படுத்தும் வேலையை டேட்டாபேஸிடம் விடுங்கள். ஸ்கோர் இறங்குவரிசை, சமமானால் நேரம் ஏறுவரிசை, முதல் 10 வரிகள் என்று கேட்டால் தரும். அந்த இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து இண்டெக்ஸ் (முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கும் பட்டியல்) போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் சார்ட் செய்யாது.

'நான் எத்தனையாவது?' என்ற கேள்வி அடிக்கடி வரும் கேம்களுக்கு ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் சார்ட்டட் செட் (உறுப்பினர்களை எப்போதும் ஸ்கோர் வரிசையில் வைக்கும் தொகுப்பு) பொருத்தமானது. உள்ளே ஸ்கிப் லிஸ்ட்டும் ஹாஷ் டேபிளும் இருப்பதால் ஒருவரின் ரேங்கை எண்ணிப் பார்க்காமலே சொல்லிவிடும். அதில் உறுப்பினராகப் பெயரைப் போடாமல் ஐடியைப் போடுங்கள், ஒரே உறுப்பினர் இரண்டு முறை இருக்க முடியாது. ஸ்கோர் சமமானால் அது எழுத்து வரிசைப்படிதான் அடுக்கும், நேரம் அதற்குத் தெரியாது. ஸ்கோரையும் நேரத்தையும் ஒரே எண்ணாகக் கோத்து அனுப்புவது ஒரு உத்தி, அதற்கும் எல்லை உண்டு. ரெடிஸ் ஸ்கோரை 64 பிட் தசம எண்ணாக வைக்கிறது, முழு எண்கள் 9,007,199,254,740,992 வரை மட்டுமே பிசகாமல் நிற்கும். நேரத்துக்கு 10 இலக்கங்களை ஒதுக்கினால் ஸ்கோருக்கு மிஞ்சுவது சுமார் 9 லட்சம் வரைதான். உங்கள் கேமில் ஸ்கோர் அதைத் தாண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆடுகிறவரின் போனில் இருந்து வரும் ஸ்கோரை அப்படியே நம்பலாமா?

கூடாது. போனில் இருந்து சர்வருக்குப் போகும் எண்ணை மாற்றி அனுப்புவது கடினமே இல்லை. ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை புள்ளி எடுக்க முடியும் என்பது கேமை எழுதிய உங்களுக்குத் தெரியும், அதைத் தாண்டி வருவதைச் சர்வரிலேயே நிறுத்துங்கள். ஆட்டத்தில் அழுத்திய பட்டன்களின் பதிவையும் கூடவே அனுப்பச் சொல்லி, முதலிடத்துக்கு வருபவற்றை மட்டுமாவது சர்வரில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விளைவு வரும்படி கேமை ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ரேண்டம் எண்களின் சீடையும் (அவை தொடங்கும் எண்) அந்தப் பதிவோடு சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள், அது இல்லாமல் எதிரிகள் வேறு இடத்தில் முளைத்து ஆட்டமே வேறாகிவிடும்.